சென்னைக்குக் கேட்டது

என் அண்ணன் மகள் என்னோடு பேசுவதில்லை. அவள் கழுத்தில் தாலி ஏறியபோது பெற்றவன் பக்கத்தில் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறாள். நான் காரணம் இல்லை. யார் காரணம் என்று எனக்குத் தெரியும். அதை எழுதி வைக்கிறேன். அவள் படிப்பதும் படிக்காததும் அவள் இஷ்டம்.

நான் ஒயர்லெஸ் ஆபரேட்டர். நிக்கோபாரில் கச்சால் தீவில் ஒரு அரசு ஸ்டேஷனில், சுனாமிக்கு முன்னாலும் பின்னாலும், மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து கிளப்பிவிட்டு, கப்பலில் கொண்டுவந்து, இந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா பால் வெட்டினார். அம்மா பால் வெட்டினாள். அண்ணனும் பால் வெட்டினான். நான் மட்டும் பள்ளிக்கூடம் முடித்து, மெயின்லேண்டில் பயிற்சிக்குப் போய்வந்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். "உனக்கென்னா புள்ள, காத்தோட பேசுறதுக்குச் சம்பளம்" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

காற்றோடு பேசுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒயர்லெஸ்ஸில் கத்திப் பேசுவதால் ஒரு பயனும் இல்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். யாராவது அதிகாரி வருவார். போர்ட் பிளேர் கிடைக்காது. "கொஞ்சம் சத்தமாப் பேசும்மா" என்பார். தெருவில் போகிற ஆட்டோவைக் கூப்பிடுவதாக நினைப்பு. அலைவரிசை தப்பாக இருந்தால் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு எழுத்து போகாது. சரியாக இருந்தால் முணுமுணுத்தாலும் போகும்.

விஷயம் இதுதான். வானத்தில் வெகு உயரத்தில் ஒரு அடுக்கு இருக்கிறது. நாம் அனுப்புகிற அலை மேலே போய், அதில் பட்டு, கீழே திரும்பி விழுகிறது. வெயில் பட்டால் அந்த அடுக்கு கெட்டிப்படும். வெயில் போனால் இளகும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் ரொம்பவும் இளகிக் கிடக்கும். பக்கத்துத் தீவோடு பேச வேண்டுமானால் அலை செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக விழ வேண்டும். தூர தேசத்தோடு பேச வேண்டுமானால் சாய்வாகப் போனால் போதும். அடுக்கு இளகிக் கிடக்கிற நேரத்தில் பெரிய எண்ணுள்ள அலையைச் செங்குத்தாக விட்டால், ஓலைக் கூரையில் கல் விட்ட மாதிரி பொத்துக்கொண்டு போய்விடும். திரும்பாது. அதே அலை சாய்வாகப் போனால் மட்டும் சறுக்கிக்கொண்டு போய் எங்கோ கடலுக்கு அப்பால் விழும். அதனால்தான் விடியற்காலையில் ஏழு மெகாஹெர்ட்ஸில் நான் பேசினால் சென்னைக்குக் கேட்கும், போர்ட் பிளேருக்குக் கேட்காது. போர்ட் பிளேர் எங்களுக்கு ஒரு ராத்திரிக் கப்பல் தூரம். சென்னைக்கு அங்கிருந்து இன்னும் மூன்று நாள் கப்பல்.

இதற்கு மருந்து, மூன்று என்கிற எண். மூன்று மெகாஹெர்ட்ஸ் சொச்சம். சின்ன எண். எவ்வளவு இளகிய அடுக்கும் அதைத் திருப்பிவிடும். ஆனால் நடுப்பகலில் மூன்றை எடுத்தால் மணலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அப்போது ஏழு வேண்டும். ஆக, விடிகிறபோது மூன்று, வெயில் ஏறியதும் ஏழு. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பயிற்சியில் சேர்ந்த உடனே சொல்லிக்கொடுப்பார்கள். எல்லா ஆபரேட்டருக்கும் தெரியும். எங்கள் அதிகாரிகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், இன்ஜினியரிங் படித்தவர்கள். தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

ஒரே ஒரு சிக்கல். நான் மட்டும் மூன்றுக்குப் போய்ப் பயன் இல்லை. எதிர்முனையில் இருப்பவரும் அதே நேரத்தில் மூன்றுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எப்போது மாறுவது என்று எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. தீவுகளில் கடிகாரம் மெயின்லேண்ட் கடிகாரம். வெயில் மெயின்லேண்ட் வெயில் இல்லை. அங்கே இருட்டாக இருக்கும்போதே இங்கே விடிந்துவிடும். கடிகாரத்தை நம்பினால் காரியம் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் வாசலில் வெயிலைப் பார்க்கும். கார் நிக்கோபார்காரருக்குக் கோழிக்கூட்டுத் தகரம். எனக்குத் தண்ணீர் டாங்க். முதலில் யார் வாசலில் வெயில் விழுகிறதோ அவர் மூன்றில் சொல்லுவார், "தூப் ஆ கயா." வெயில் வந்துவிட்டது என்று. எல்லாரும் ஒரே வீச்சில் ஏழுக்குத் தாண்டுவோம். வெயில் வருகிறவரை மூன்றில் கூடி இருப்போம். வானிலை சொல்லுவோம். அது முடிந்ததும் எங்கே மீன் கிடைத்தது, யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில் பூந்தது என்று பேச்சு ஓடும். இந்தி, தமிழ், வங்காளி, நிக்கோபாரி எல்லாம் கலந்து.

சுனாமி வந்தபோது இந்த வழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணி கடலோரக் கடைக்குப் போனவள் வரவில்லை. அண்ணனும் மகளும் மேட்டில் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்ததால் பிழைத்தார்கள். எங்கள் ஆண்டெனாக் கம்பம் ஒன்று சாய்ந்துவிட்டது. கம்பியை ஒரு மரத்தில் கட்டி, எந்த அலைவரிசை திறந்திருக்கிறதோ அதில் கூப்பிட்டேன். எதிரில் இருப்பவர்களும் தேடித் தேடி வந்தார்கள். யாரும் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அப்போது எந்த அதிகாரியும் எங்களிடம் விதி பேசவில்லை. விதி பேச ஆரம்பித்தது நிலைமை சீரான பிறகு.

சுனாமிக்குச் சில வருஷம் கழித்து மெயின்லேண்டிலிருந்து பரிசோதனைக்கு வந்தார்கள். புது செட் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. கெஸ்ட் ஹவுசில் சாப்பிட்டார்கள். பகலில் பரிசோதித்துப் பார்த்தார்கள், பகலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஊருக்குப் போய், விடியற்காலையில் ஏழில் நாங்கள் பேசுவதைச் சென்னையில் உட்கார்ந்து கேட்டார்கள். கச்சால் கேட்கிறது, கார் நிக்கோபார் கேட்கிறது, திக்லிபூர் கேட்கிறது, ரங்கத் கேட்கிறது, எல்லாம் பளிச்சென்று கேட்கிறது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னைக்கே கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காமலா இருக்கும். அப்படி ஒரு கணக்கு. எல்லா நேரத்துக்கும் ஏழு, மூன்று மூடப்படுகிறது என்று உத்தரவு வந்தது. மூன்றில் ஊழியர்கள் வீண் பேச்சுப் பேசுகிறார்கள் என்பது ஒரு காரணம். பன்றி விஷயம் யாரோ கேட்டுவிட்டார்கள்.

அதிலிருந்து தினமும் விடியற்காலை ஷெட்யூலில் நான் கூப்பிடுவேன், போர்ட் பிளேருக்குக் கேட்காது. அங்கே 'கச்சால் இல்லை' என்று எழுதுவார்கள். வெயில் ஏறியதும் கேட்கும். உடனே, "என்னம்மா, தூங்கிட்டீங்களா" என்று அதிகாரி கேட்பார். நான் சென்னையைக் கேட்டுப் பாருங்கள் என்பேன். சென்னையைக் கேட்பார். சென்னை நன்றாகக் கேட்டது என்று சொல்லும். "அப்புறம் என்ன, வேலை செய்யுதே" என்பார். இந்த வட்டத்தில் நான் எத்தனை மாதம் சுற்றினேன் என்று எண்ணி வைக்கவில்லை.

இப்போது கல்யாண விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணி போன பிறகு மகளை அண்ணன் போர்ட் பிளேருக்கு வடக்கே இருக்கிற ரங்கத்துக்கு அனுப்பிவிட்டான். அங்கே அவளுடைய பெரியம்மா வீடு. சுனாமிக்குப் பிறகு அரசு போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகையில் வயசுக்கு வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவன் யோசனை. பிள்ளை அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா தன்னைத் தள்ளிவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். போனில் பேசினால் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள், கல்யாணம் முடிவானதும் தானே போன் செய்து அண்ணனிடம் ஒன்று சொன்னாள். "நீங்கதான் என் கையப் பிடிச்சுக் குடுக்கணும். பெரியப்பா குடுத்தா எனக்கு அப்பா இல்லன்னு ஆயிடும்." இதை அண்ணன் என்னிடம் வந்து இரண்டு தரம் சொன்னான். அவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு காரியத்துக்கு அவன் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தை மாசம். எங்கள் பக்கத்துக் கப்பல் பழுது பார்க்கப் போயிருந்தது. மாற்றுக் கப்பல் வரும் வரும் என்று வரவில்லை. அண்ணன் ஹெலிகாப்டருக்கு எழுதிப் போட்டான். நோயாளி, அதிகாரி, அதிகாரியின் மாமியார் எல்லாரும் போன பிறகு இவனுக்கு ஒரு சீட் கிடைத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. போர்ட் பிளேரில் இறங்கி, காட்டு ரோட்டில் வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக விடுகிற கான்வாய் கிளம்புவதற்குள் பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் ரங்கத். முகூர்த்தம் மறுநாள் காலை. சரியாக இருந்தது.

சாமான் கொஞ்சம்தான் ஏற்றுவார்கள். அண்ணன் மகளுக்கு ஒரு குக்கர் வாங்கியிருந்தான். அதை ரேஷன் கடைத் தராசில் வைத்து நிறுத்தான். பிறகு தன் பையை நிறுத்தான். பிறகு தானே ஏறி நின்றான். கடைக்காரர், "நீ போறியா, உன்ன விக்கப் போறியா" என்று கேட்டாராம்.

ஹெலிகாப்டர் ஒரு தீவில் இறங்க வேண்டுமானால் விடியற்காலையில் அந்தத் தீவிலிருந்து வானிலை வர வேண்டும். மேகம் எவ்வளவு கீழே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், இறங்குகிற இடம் காலியாக இருக்கிறதா என்று. வராவிட்டால் இறங்க மாட்டார்கள். அது நியாயம். நிலவரம் தெரியாத இடத்தில் யார் இறங்குவார்கள். அந்த வாரம் எங்கள் செல்போன் டவர் வேலை செய்யவில்லை, டீசல் தீர்ந்துவிட்டது. சேட்டிலைட் போன் ஒன்று இருந்தது. அதை எங்கள் தீவு அதிகாரி அலமாரியில் பூட்டி, சாவியோடு மெயின்லேண்டுக்கு லீவில் போயிருந்தார். ஆக, வானிலை ஒயர்லெஸ்ஸில்தான் போக வேண்டும். விடியற்காலையில். ஏழில்.

எனக்கு அப்போதே தெரியும், போகாது என்று. அதனால் முந்தின நாள் மதியமே, ஏழு நன்றாகத் திறந்திருக்கிற நேரத்தில், போர்ட் பிளேரைக் கூப்பிட்டேன். அங்கே ஆபரேட்டர் ஒரு ராஞ்சிக்காரர். வருஷக்கணக்காகப் பழகிய குரல். நான் அண்ணன் என்கிற மாதிரி பையா என்பேன், அவர் அக்கா என்கிற மாதிரி தீதி என்பார். நேரில் பார்த்ததில்லை. நாளைக்கு விடிகிறபோது பத்து நிமிஷம் மூன்றுக்கு வா, கல்யாண விஷயம் என்று இந்தியில் சொன்னேன். சாஹபைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் அதிகாரியே மைக்குக்கு வந்தார். அவர் தமிழர், மெயின்லேண்ட்.

"நீங்க சொல்றது கரெக்ட்தாம்மா. எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல ஏழு உங்களுக்கும் எங்களுக்கும் ஸ்கிப் ஆகும். ஓவர்."

தலைக்கு மேலே தாண்டிப் போவதற்கு அவர்கள் சொல்கிற பெயர் ஸ்கிப்.

"தெரியுதில்லங்க. அப்ப பத்து நிமிசம் மூணத் தொறந்து வைங்க. ஓவர்."

"மூணு மூடினது நான் இல்லம்மா. மேல. இன்னைக்கு உங்களுக்குத் திறந்தா நாளைக்குக் கார் நிக்கோபார் கேட்பான், நாளான்னிக்குத் திக்லிபூர் கேட்பான். எழுத்துல யாரு பதில் சொல்றது? நீங்க ஏழுலயே கூப்பிடுங்க. சென்னை கேட்பாங்க. அவங்க எங்களுக்குச் சொல்லிடுவாங்க. ஓவர்."

"பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட பேசச் சென்னைக்குப் போயி வரணுமாங்க?"

ஓவர் சொல்ல மறந்துவிட்டேன். வேண்டுமென்றே மறந்தேன். அவர் ஒரு நொடி காத்திருந்து, "வாய் ரொம்ப நீளம்மா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆள் தவறாக எதுவும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுக்கு, சாய்வு, எல்லாம் தெரியும். ஒரு கையெழுத்துக்குப் பயம். அவ்வளவு படிப்பையும் ஒரு பயத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே அண்ணன் வந்துவிட்டான். புதுச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவின தலை, பை, குக்கர். ஒயர்லெஸ் ரூம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தான். மேகம் சுத்தமாக இல்லை. காற்று லேசு. இறங்குகிற இடத்தில் கட்டியிருந்த மாட்டையும் அவனே அவிழ்த்து ஓட்டிவிட்டு வந்திருந்தான்.

"வருமா புள்ள?"

"வரும்ணே. வாயப் பொத்திக்கிட்டு இரு."

ஷெட்யூல் நேரம் வந்ததும் ஏழில் கூப்பிட்டேன். போர்ட் பிளேர், போர்ட் பிளேர், கச்சால். இரைச்சல்தான். மறுபடி கூப்பிட்டேன். சென்னை ஆபரேட்டர் வந்தார். பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி.

"கச்சால், உங்க சிக்னல் அருமையா இருக்கு. வணக்கம்மா. ஓவர்."

"வணக்கம்ணே. போர்ட் பிளேர் கேக்குதா உங்களுக்கு? ஓவர்."

"நல்லாக் கேக்குதே. உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. ஏம்மா, உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா? ஓவர்."

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு உள்ளே எழுந்து வந்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சென்னைக்காரருக்கு இருவரும் கேட்கிறோம். எங்கள் இருவருக்கும் சென்னை கேட்கிறது. நாங்கள் இருவர் மட்டும் ஒருவருக்கொருவர் ஊமை.

வானிலையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, அதே ஏழில் போர்ட் பிளேருக்குச் சொன்னார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. என் மேகத்தையும் என் காற்றையும் சென்னை வாயால் கேட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சென்னை மறுபடி வந்தார், குரல் இறங்கியிருந்தது.

"அம்மா, போர்ட் பிளேர் சொல்றாரு, ஹெலிகாப்டர் ஆளுங்க ஒத்துக்கலையாம். நேரா ஸ்டேஷன்ல இருந்து வரணுமாம். கச்சால் வானத்தச் சென்னை எப்படிப் பாத்துச்சுன்னு கேக்குறாங்களாம். ஓவர்."

சாஹப் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாங்கிக்கொள்வார்கள். சாஹப் எங்கே என்று கேட்கச் சொன்னேன். வாக்கிங் போயிருக்கிறார், போன் வீட்டில் அடித்துக்கொண்டிருக்கிறது, ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று போர்ட் பிளேரிலிருந்து பதில். சென்னை வழியாக.

"அண்ணே, ஒரே ஒரு உதவி. அவரை மூணுக்கு வரச் சொல்லுங்க. நான் மூணுக்குப் போறேன். ஒரு நிமிசம் போதும். ஓவர்."



"மூணு மூடியிருக்கும்மா. இங்க எல்லாம் டேப்ல பதிவாகுது. நான் சொன்னேன்னு இருந்தா எனக்குக் கேள்வி வரும். தப்பா நெனைக்காதீங்க. ஓவர்."

தப்பாகத்தான் நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

நானாக மூன்றுக்கு மாற்றிக் கூப்பிட்டேன். ஒருவரும் இல்லை. ஒரு காலத்தில் அத்தனை பேர் கூடிப் பன்றிக்குப் பஞ்சாயத்து பண்ணின இடம். மறுபடி ஏழுக்கு வந்தேன். சென்னையோடு மல்லுக்கு நின்றேன். பிறகு தெரிந்தது, அந்த நேரத்தில் ராஞ்சிக்காரரும் பொறுக்க முடியாமல் உத்தரவை மீறி மூன்றுக்கு வந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் மூன்றில் இருந்தபோது அவர் ஏழில். அவர் மூன்றில் இருந்தபோது நான் ஏழில். முன்பெல்லாம் தகரத்தில் விழுகிற வெயிலைப் பார்த்து ஒன்றாகத் தாண்டினவர்கள்.

"அண்ணே" என்று திரும்பினேன். அண்ணன் ஜன்னல் பக்கம் நின்றிருந்தான்.

"டாங்குல வெயிலு வந்துருச்சு புள்ள" என்றான்.

வெயில் வந்து சற்று நேரத்துக்கெல்லாம் ஏழு பிடித்துக்கொண்டது. இரைச்சல் விலகி ராஞ்சிக்காரர் குரல் நேராக வந்தது. தீதி, தீதி, வானிலை சொல், என்று அவசரப்பட்டார். சொன்னேன். ஒரு மூச்சில் சொன்னேன். அவர் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வழி முடிவாகிவிட்டது, வண்டி கிளம்பிவிட்டது, கச்சால் இல்லை, நேராகத் தெற்குக் கடைசியில் கேம்பல் பே, திரும்பும்போதும் இல்லை என்றார். அவர் குரலில் அழுகை இருந்தது. நான் அவரைத் திட்டவில்லை.

ஹெலிகாப்டர் எங்கள் தீவுக்கு மேலேதான் போனது. வேறு வழி அதற்கு இல்லை. அண்ணன் வெளியே போய், இறங்குகிற இடத்தில் குக்கரோடு நின்று பார்த்தான். அவிழ்த்துவிட்ட மாடு திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றிருந்தது. சத்தம் வந்தது, தலைக்கு மேலே தாண்டியது, போய்விட்டது. கையைக்கூட ஆட்டவில்லை அவன்.

உள்ளே வந்து மைக்கை எடுத்தேன். காலை ஷெட்யூல், எல்லா ஸ்டேஷனும் ஏழில் இருக்கிற நேரம். வாக்கிங் முடிந்து சாஹபும் வந்திருந்தார். எல்லாரும் கேட்கும்படி இந்தியில் சொன்னேன், பிறகு அவருக்காகத் தமிழிலும் சொன்னேன்.

"நாளையில இருந்து விடியற நேரத்துக்கு நான் மூணுலதான் இருப்பேன். என் வானிலை வேணுங்கிறவங்க அங்க வாங்க. வேணாங்கிறவங்க சென்னையில கேட்டுக்கங்க. சாஹப், இத எழுத்துலயே எழுதிக்கங்க. பேரு என் பேரு. ஓவர்."

  பிறகு ஒரு ஸ்டேஷன், யார் என்று சொல்லாமல், சரி என்பதற்கு அடையாளமாக மைக் பட்டனை இரண்டு தரம் அழுத்தி விட்டது. டிக், டிக். அடுத்து இன்னொன்று. அதற்கு அடுத்து இன்னொன்று.

மறுநாள் விடியற்காலையில் மூன்றுக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள். கார் நிக்கோபார், ரங்கத், திக்லிபூர், ராஞ்சிக்காரர். யாரும் மீனைப் பற்றிப் பேசவில்லை. வானிலை சொல்லிவிட்டு ரங்கத்தைக் கேட்டேன், கல்யாண வீட்டுக்கு ஆள் அனுப்பினாயா என்று. முந்தின நாளே அனுப்பியாயிற்று, அப்பாவுக்கு ஹெலிகாப்டர் இறங்கவில்லை என்று சொல்லியாயிற்று என்றார். வெயில் ஏறின பிறகு ஏழில் அவரே மறுபடி கூப்பிட்டார். முகூர்த்தம் முடிந்தது, பெரியப்பா கையைப் பிடித்துக் கொடுத்தார் என்றார். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஸ்பீக்கரில் அவனே கேட்டான்.

"நல்லாத் தெளிவாக் கேக்குது" என்றான்.

அடுத்த சுற்றில் ஹெலிகாப்டர் எங்கள் தீவில் இறங்கியது. வானிலை மூன்றில் போயிருந்தது. அண்ணன் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே குக்கரைத் தூக்கிக்கொண்டு ஏறினான். இனி எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். "கல்யாணம்தான் முடிஞ்சிச்சு. புள்ள அங்கதான இருக்கா" என்றான். எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது. இவ்வளவு பொறுமை ஒரு மனுஷனுக்கு ஆகாது.

எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பதில் கொடுத்தேன். சம்பள உயர்வை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். சில மாதம் கழித்து, நிர்வாக வசதிக்காக விடியற்காலையில் மூன்று மெகாஹெர்ட்ஸ் அனுமதிக்கப்படுகிறது என்று உத்தரவு வந்தது. யாருடைய வசதி என்று அதில் இல்லை. கையெழுத்து அந்த சாஹபுடையது. பிறகு அவர் பதவி உயர்ந்து மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். நன்றாக இருக்கட்டும், என் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் நான் லீவு போட்டு ரங்கத்துக்குப் போனேன். அண்ணன் அதற்குள் அங்கேயே போய்ப் பக்கத்தில் ஒரு பாக்குத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மகள் அவனோடு பேசுகிறாள், வேண்டிய அளவுக்கு. எனக்கு டீ கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். நான் பூசி மெழுகத் தெரியாதவள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே நேராகக் கேட்டேன், என் மேல் உனக்கு என்ன கோபம் என்று.

"நீங்க அந்த மிஷினுக்கு முன்னாடியே உக்காந்திருக்கீங்க அத்தை. அதுதான் உங்க வேலை. எங்கப்பாவுக்காக ஒரே ஒரு நாள் பேச முடியலையா?"

சொன்னேன். அடுக்கைச் சொன்னேன், கூரையில் கல்லைச் சொன்னேன், ஏழையும் மூன்றையும் சொன்னேன், சாஹபைச் சொன்னேன். வீணாய்ப்போன வாக்கிங்கையும் சொன்னேன். குரல் ஏறிவிட்டது, குழந்தை விழித்துக்கொண்டது. அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள்.

"சென்னைக்குக் கேட்டுச்சுங்கறீங்க. இங்க இருக்கிற போர்ட் பிளேருக்குக் கேக்கலங்கறீங்க. யாரு நம்புவா?"

"நெசந்தாம்மா" என்றான் அண்ணன், வாசலில் இருந்து. "நானும் அங்கதான இருந்தேன். சென்னைக்காரரு பேசுனத என் காதால கேட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்படின்னா என் கல்யாணத்தச் சென்னையில வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

 டீ ஆறிப்போயிருந்தது. அடுப்படியில் அந்தக் குக்கர் விசில் விட்டுக்கொண்டிருந்தது.